மேஸ்திரி முடிக்காமல் போன நாள்

எங்கள் பள்ளி ஆயாம்மாவுக்கு வயது முப்பத்தெட்டுதான். அந்த வேலையில் சேர்ந்துவிட்டால் இருபது வயதுக்காரியும் ஆயாம்மாதான். பெருக்குவது, துடைப்பது, பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர் பொறுப்பு. கேள்வி கேட்பது அதில் சேராது, ஆனால் அதைத்தான் அதிகம் செய்வார். "ஏன் டீச்சர், இவன் இடது கால் ஷூவை மட்டும் கழட்டுறான்?" "ஏன் டீச்சர், இவ மழை வந்தா மட்டும் சிரிக்கிறா?" சிறப்புக் கல்வியில் பட்டம் வாங்கியவள் நான். பாதிக் கேள்விக்குப் பதில் தெரியாது. எரிச்சல் வரும். "வேலையைப் பாருங்க ஆயாம்மா" என்று வாயை அடைத்துவிடுவேன்.

என் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். அதில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்திக்குப் பேச்சு வராது. ஆயாம்மா அவளுக்கு வைத்த பெயர் மேஸ்திரி. தினமும் மூன்று மணிக்கு, தரை துடைக்க வசதியாக, பிள்ளைகள் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் வைப்பார்கள். முடியாதவர்களுடையதை அவள் தூக்கி வைப்பாள். பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, கோணலாக இருந்தால் நேராக்குவாள். கடைசியாக என் நாற்காலி. அதன்பிறகுதான் பையை மாட்டுவாள்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்குப் பள்ளிகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கும் காய்ச்சல் பயம். ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அறைகளைப் பூட்டினோம்.

ஆறாவது வாரம் மேஸ்திரியின் அம்மா போன் செய்தார்.

"மிஸ், வீட்ல யாரையும் உக்கார விடமாட்டேங்கிறா. அவங்க அப்பாவைத் தள்ளியே விட்டுட்டா. கையைக் கடிச்சுக்கிறா, சாப்பாடு இறங்கல. டாக்டர் மாத்திரையைக் கூட்டியும் கேக்கல. இவர் ஹாஸ்டல்ல சேத்துடலாம்ங்கிறார். வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம்."

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான அந்த விடுதிக்கு ஆறு மணி நேரப் பயணம். அங்கே போன பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு முறைதான் வீட்டைப் பார்ப்பார்கள். படம், பாட்டு, நடைப்பயிற்சி என்று படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது என்றார்.

மறுநாள் சில புத்தகங்களை எடுக்கப் பள்ளிக்குப் போனபோது, மூடிய கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ள வந்துகொண்டிருந்த ஆயாம்மாவிடம் புலம்பினேன். அவர் விடவில்லை. அங்கேயே அந்த அம்மாவுக்குப் போன் போடச் சொன்னார்.

"தள்ளி விட்டப்புறம் என்ன பண்றா?" என்று கேட்டார்.

"நாற்காலியைத் தூக்கிச் சாப்பாட்டு மேசை மேல வைக்கிறா."

"நேராவா, கவுத்தா?"

"கவுத்துதான்."

"அப்புறம் பையைத் தேடுறாளா?"

"ஆமா. பையைப் பாத்தா அழறாளேன்னு நான் பரண்ல போட்டுட்டேன்."

"நாற்காலி வச்சு முடிச்சதும் அடங்குறாளா?"

"எங்க? இருக்கிறதே நாலு. எறக்கி எறக்கி மறுபடி வைக்கிறா. இன்னும் எங்கயோ இருக்கிற மாதிரி தேடுறா."

ஆயாம்மா என் பக்கம் திரும்பினார். "டீச்சர், அன்னிக்கு அனுப்புறப்போ இவ நாற்காலியெல்லாம் வச்சு முடிச்சாளா?"

முடிக்கவில்லை. இரண்டை வைத்திருந்தாள். மூன்றாவது அவள் கையில் இருந்தது. வெளியே அவள் அப்பா ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அந்த நாற்காலியை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தவள் நான்தான். எடுத்த வேலையை முடிக்க வேண்டும் என்று மூன்று வருடமாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்போ அவளுக்கு இன்னும் ஸ்கூல் விடல டீச்சர்," என்றார் ஆயாம்மா.

கரையான் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று தலைமை ஆசிரியையிடம் ஒரு பொய்யைச் சொல்லி வகுப்பைத் திறக்க அனுமதி வாங்கினார். வியாழக்கிழமை அப்பா, பரணிலிருந்து இறக்கிய பையோடு மகளை அழைத்து வந்தார். அவருக்கு நம்பிக்கையில்லை. விடுதி விண்ணப்பம் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

அறை விட்டபடியே கிடந்தது. மேஸ்திரி நேராக அந்த மூன்றாவது நாற்காலியை நோக்கிப் போனாள். தூக்கினாள், கவிழ்த்தாள். அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். கடைசியாக என்னுடையதையும் வைத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். அவள் அப்பா வாசல்படியில் அப்படியே உட்கார்ந்தார். அவள் தள்ளவில்லை. அவர் எழுந்திருக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு மறுபடி போன். "யூனிபார்ம் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறா மிஸ். இன்னிக்கு ஸ்கூல் இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

ஆயாம்மாவைக் கேட்டேன்.

"சரியாத்தானே நிக்கிறா? நேத்து முடிஞ்சுது, இன்னிக்கு வந்துடுச்சு," என்றார். திருப்பித் தராமல் வைத்திருந்த சாவியால் வகுப்பைத் திறந்து மேஸ்திரியின் நாற்காலியை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நான்கு தெரு தாண்டி அவள் வீட்டுக்கு நடந்தார்.

அன்று முதல் காலையில் அந்த நாற்காலி இறங்கும், மூன்று மணிக்கு ஏறும். வீட்டு நாற்காலிகளும் கூடவே ஏறும். மூன்று மணி ஆகிவிட்டால் அவள் அப்பாவே எழுந்து தன்னுடையதைக் கவிழ்த்து வைத்துவிடுவாராம். கையைக் கடிப்பது உடனே நிற்கவில்லை, மெதுவாகக் குறைந்தது. விண்ணப்பம் சட்டையோடு துவைபட்டுக் கூழாகிப்போனது.

ஐந்து மாதம் கழித்துப் பள்ளி திறந்தது. அப்பா ஒரு நாற்காலியைச் சுமந்து வர, மேஸ்திரி முன்னால் வந்தாள். வகுப்பில் அவள் வைத்துவிட்டுப் போன மற்ற நாற்காலிகள் கவிழ்ந்தபடியே இருந்தன. ஆயாம்மா இத்தனை நாளும் ஒன்றையும் நகர்த்தாமல் சுற்றிச் சுற்றித்தான் துடைத்திருக்கிறார்.

அவள் ஒவ்வொன்றாக இறக்கினாள். என்னுடையதைத் தூக்கியபோது கை நழுவப் பார்த்தது. வாங்கிவிடலாம் என்று நீண்ட என் கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டேன். அவளே அதை இறக்கி, நேராக்கி, என்னைப் பார்த்தாள். நான் உட்கார்ந்தேன்.