மீசை போன சனிக்கிழமை

என் கழுத்துக்குச் சவரம் என்றாலே ஆகாது. ஐந்து பிளேடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி விற்கிறார்களே, அந்த ரேசரால் இழுத்தால் மத்தியானத்துக்குள் தாடைக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகப் பொரிந்துவிடும். மாற்றுத் தலை வாங்கப் போனால் அதன் விலை இன்னொரு எரிச்சல். "இந்த மூஞ்சிக்கு இவ்வளவு செலவா?" என்று என் மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது.

கடைசியில், திருகித் திறந்து ஒரே ஒரு பிளேடு போடும் பழைய மாதிரி எஃகு ரேசர் ஒன்று வாங்கினேன். பலசரக்குக் கடையில் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தொங்கும் சாதாரண பிளேடே அதற்குப் போதும். போனில் நாலு வீடியோ பார்த்துப் பழகினேன். குளித்த கையோடு வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் ஒத்தி வைத்திருக்க வேண்டும். சோப்பு நுரை தயிர்போலக் கெட்டியாகும்வரை பிரஷ்ஷால் குழைத்துத் தேய்க்க வேண்டும். ரேசரை அழுத்தவே கூடாது, அதன் கனமே போதும். முடி சாய்ந்திருக்கிற பக்கமாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவிப் படிகாரக் கட்டியை ஒரு தடவு தடவினால் ஆயிற்று. பத்து நாளில் கழுத்து அடங்கிவிட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் கழுத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். "கண்ணு வைக்க ஆளில்லாம நீங்களே வச்சிக்கிடுதியளா?" என்றாள் மனைவி.

வைத்துவிட்டேன் போல. ஒரு சனிக்கிழமை காலை. குற்றாலத்தில் சீசன் நேரம், தென்காசி முழுக்கச் சாரல் காற்று. மீசை ஓரத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, குளியலறை ஜன்னல் காற்றில் படாரென்று அடித்துச் சாத்திக்கொண்டது. கை துள்ளியது. வலது பக்கத்து மீசையில் பாதியைக் காணோம். மிச்சத்தை வைத்துக்கொண்டு வெளியே போக முடியுமா? எல்லாவற்றையும் வழித்துவிட்டேன்.

மனைவி பார்த்தாள். கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கிய! மாமா கண்ணுல பட்டுறாதிய!"

மாமா என்று அவள் சொன்னது என் அப்பாவை. அவள் பயம் எனக்கும் புரிந்தது. எங்கள் பக்கத்தில் நடுவயது ஆள் திடீரென்று மீசையை எடுத்தால் வீட்டில் சாவு என்று அர்த்தம். பெற்றவர்களில் ஒருவர் போயிருக்க வேண்டும். என் அம்மா போய்ப் பல வருஷமாகிறது. மொட்டை போடவில்லையே என்று யாராவது சந்தேகப்படலாம் என்றால், என் தலையில் எடுப்பதற்கு ஒன்றுமே இல்லை.

அப்பாவோ இதய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். தினமும் நடந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் கஷ்டம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். "எனக்கு என்னலே நடை? போற எடத்துக்கு நடந்தா போகப் போறேன்?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். யார் போன் அடித்தாலும் எடுப்பதில்லை. அவர் மனசுக்குள் கிளம்பிவிட்டார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே வேலைக்குக் கிளம்பினேன். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர் நான். பஸ்ஸில் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை, மாஸ்க்கை இறக்கினேன். அருவிக்குப் போகிற ரோட்டில் நேந்திரம் சிப்ஸ் கடை வைத்திருக்கும் அப்பாவின் பழைய சிநேகிதர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் சிரித்துக் கையசைத்தேன். அவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். கூட்டம் தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் தெரிந்தது. அவர் அப்பாவுக்குப் போன் அடித்திருக்கிறார், எடுக்கவில்லை. எனக்கும் அடித்திருக்கிறார், சீசன் கூட்டத்தில் நானும் எடுக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு, பெரிய ரோஜா மாலையோடு ஆட்டோவில் எங்கள் வீட்டு வாசலில் போய் இறங்கிவிட்டார். இறங்கும்போதே ஓவென்று அழுகை. சத்தம் கேட்டு எழுந்து வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், என் அப்பா.

"யாருக்குவே மாலை?"

மனுஷன் மாலையோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

மனைவி போன் செய்து "உடனே வாங்க" என்று மட்டும் சொன்னாள். நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே நுழைந்தால் இரண்டு கிழவர்களும் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். மாலை மேசை மேல் கிடக்கிறது.

"மாஸ்க்கைக் கழத்துலே" என்றார் அப்பா.

கழற்றினேன். கிட்டத்தில் கூப்பிட்டு, என் மேலுதட்டில் விரலை ஓட்டினார். "மழுங்கத்தான் எடுத்திருக்கே" என்றார். பிறகு கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் போனா, நீ இப்படித்தான் இருப்பே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

"ஏலே, அழாத. என் சட்டையை எடு. ரத வீதியில ஒரு சுத்து சுத்திட்டு வருவோம். இல்லன்னா ஊரே மாலையைத் தூக்கிட்டு வந்துரும்."

என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எதிரே வந்தவர்கள் முதலில் என் மூக்குக்குக் கீழே பார்த்தார்கள், அப்புறம் பதறிப்போய் அவரைப் பார்த்தார்கள். "இருக்கேன்வே, இருக்கேன்" என்று எல்லாருக்கும் கையைத் தூக்கிச் சொல்லிக்கொண்டே வந்தார். கோயில் முனையில் மூச்சு வாங்கியது. ஆட்டோவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"மீசை முழுசா வளர எவ்வளவு நாளாகும்லே?"

"ஒரு மாசமாவது ஆகும்ப்பா."

"அப்ப அதுவரைக்கும் தினமும் நடக்கணுமே" என்றார். "இந்த மூஞ்சியோட ஒன்னைத் தனியா தெருவுல விட முடியுமா?"