படுத்தே கிடந்த அண்ணன்

கோயமுத்தூர் காந்திபுரத்துக்குப் போனால் எதையாவது ஏமாந்து வாங்கிக்கொண்டு வருவது மாமாவின் வழக்கம். ஒருமுறை தலை திரும்பாத டேபிள் ஃபேன் வந்தது. ஒருமுறை இரண்டு காலும் இடது காலாக இருந்த செருப்பு வந்தது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு வீடியோ கேம் பெட்டி வந்தது. யாரோ ஆடித் தீர்த்துவிட்டு விற்ற பழைய பெட்டி. உள்ளே கிரிக்கெட் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னாராம். எங்கள் வீட்டு டிவியில் மாட்டிப் பார்த்தால் கிரிக்கெட்டும் இல்லை, கார் பந்தயமும் இல்லை. ஜப்பான்காரர்கள் செய்த கதை விளையாட்டு ஒன்று இருந்தது. எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில் வந்ததே பெரிய புண்ணியம்.

கதை இவ்வளவுதான். நான்கு பேர் ஊரை விட்டுக் கிளம்பி, காடு மலையெல்லாம் நடந்து, வழியில் வரும் பூதங்களோடு சண்டை போட்டு, கடைசியில் ஒரு கல் ராஜாவைத் தோற்கடிக்க வேண்டும். சண்டையும் அடிதடியாக நடக்காது. நம் ஆட்கள் ஒவ்வொருவராக அடித்த பிறகு, பூதங்கள் அடிக்கும்வரை பொறுமையாக நிற்க வேண்டும். "இதென்னடா, முறை வெச்சு மொய் எழுதறாப்புல சண்டை போடறாங்க" என்று சொல்லிவிட்டு மாமா கழன்றுகொண்டார். அண்ணனும் நானும் ஒட்டிக்கொண்டோம்.

நான்கு பேருக்கும் பெயர் நாமே வைக்கலாம், ஆங்கிலத்தில் ஆறு எழுத்துக்குள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பதால் எங்களுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கேடயம் வைத்திருந்த தடியர் 'அப்பா' ஆனார். கையில் நெருப்பு வரவழைக்கும் பெண் 'அம்மா' ஆனாள். வாள் வைத்திருந்த நாயகன் 'அண்ணன்'. அடிபட்டவர்களுக்கு மருந்து போடும் சின்னப் பெண்ணுக்கு வீட்டில் என்னைக் கூப்பிடுகிற 'கண்ணு' என்ற பெயரையே வைத்து, அவளை அண்ணன் என் தலையில் கட்டினான். எனக்கும் வாள்தான் வேண்டியிருந்தது. "மருந்து போடறவ இல்லீன்னா மூணு பேரும் காலி. நீதான் முக்கியம்" என்றான். அவன் சொன்ன விதத்திலேயே பொய் என்று தெரிந்தது.

பட்டன் அமுக்கி ஆடுகிற கைப்பிடி பெட்டிக்கு ஒன்றுதான். 'அண்ணன்' முறை வரும்போது அவன் கையில் இருக்கும், அடித்துவிட்டு என்னிடம் தருவான். 'கண்ணு' மருந்து போட்டதும் நான் திருப்பித் தருவேன். 'அப்பா', 'அம்மா' முறைகளையும் அவனே எடுத்துக்கொள்வான். ஜெயித்தால் புள்ளி கிடைக்கும், புள்ளி சேரச் சேர ஆளுக்குப் பலம் கூடும். அதுபோக, வழியில் எங்காவது ஒரு சிவப்புப் பழம் அகப்படும். அதைத் தின்கிறவனுக்கு ஒரே நாளில் பலம் ஏறும். அகப்பட்ட பழத்தையெல்லாம் அண்ணன் 'அண்ணன்' வாயிலேயே போட்டான்.

எனக்கு இது புதிதல்ல. கோழிக் குழம்பு வைத்த அன்றும் கோழிக்கால் அவன் தட்டில் விழுந்த பிறகுதான் கரண்டி என் பக்கம் திரும்பும். டிவிக்குள்ளும் அதே கதைதானா என்று மனதுக்குள் பொருமிக்கொண்டே மருந்து போட்டேன்.

எங்கள் வீடு காங்கேயத்துக்குப் பக்கம். வீட்டை ஒட்டி அப்பாவின் தேங்காய்க் களம். உடைத்த தேங்காயை வெயிலில் பரப்பிக் கொப்பரையாக்கி எண்ணெய் மில்லுக்கு அனுப்புவார். அப்போது ஊரில் ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. விளையாட்டில் வழியில் வரும் கிணறுகளில்தான் ஆட்டத்தைப் பதிந்துவைக்க முடியும். அங்கே தண்ணீர் குடித்தால் விழுந்தவர்களும் எழுந்துவிடுவார்கள். கிணற்றுக்குப் போய்ச் சேரும் முன் கரண்ட் போனால் அதுவரை ஆடியதெல்லாம் போச்சு. அதனால் மணி முடிய இருபது நிமிடத்துக்கும் குறைவாக இருந்தால் பெரிய சண்டை எதிலும் இறங்கக் கூடாது என்று அண்ணன் சட்டம் போட்டிருந்தான். ஜப்பானில் இந்தத் தந்திரம் யாருக்கும் தேவைப்பட்டிருக்காது.

சித்திரை பிறந்த சமயத்தில் கல் ராஜாவிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் சிம்மாசனத்தை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். உட்கார்ந்தபடியே கையை ஓங்குவார், எங்களில் இரண்டு பேர் சுருண்டு விழுவார்கள். சாப்பிட வந்த அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்பா யாரையும் மரியாதை குறைத்துப் பேச மாட்டார். "எந்திரிக்காமயே அடிக்கறாருங்களே. பெரிய கைதானுங்க" என்றார். நான்கு முறை போனோம், நான்கு முறையும் தோற்றோம். 'அண்ணன்' மட்டும் தாக்குப்பிடிப்பான். மற்ற மூன்று பேரும் நோஞ்சான்கள், விழுந்துவிடுவார்கள். தனியாக அவன் எவ்வளவு நேரம்தான் நிற்பான்?

அந்த மாதம்தான் அண்ணன் பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தான். எங்கள் பக்கத்தில் பத்தாவது முடித்த பிள்ளைகளை நாமக்கல் பக்கம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இரண்டு வருடம் படிப்பு படிப்பு என்று பிழிந்து மார்க்கோடு திருப்பி அனுப்புவார்கள். அண்ணனுக்கும் இடம் கிடைத்துவிட்டது. ஜூன் முதல் வாரம் போக வேண்டும். அதற்குள் கல் ராஜாவை ஒழித்துவிட வேண்டும் என்று நான் அவன் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவன் இல்லாமல் என்னால் முடியாது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அதன் பிறகுதான் அவன் கெட்டுப்போனான்.

ராஜாவிடம் போகாமல் பழைய காட்டுக்கே திரும்பி, சில்லறைப் பூதங்களோடு சண்டை பிடிக்கத் தொடங்கினான். அதிலும் முதல் சண்டையிலேயே 'அண்ணன்' விழுந்தான். விழுந்தவன் தரையில் நீட்டிப் படுத்திருப்பான், பெயர் சிவப்பாக மாறிவிடும். என்னிடம் எழுப்பும் மருந்து ஒன்பது புட்டி இருந்தது.

"ஏண்ணா, உன்னைய எழுப்பட்டா?"

"வேண்டாம். கெடக்கட்டும் உடு."

அடுத்த சண்டையிலும் கிடந்தான். அதற்கு அடுத்ததிலும் கிடந்தான். கிணற்றில் தண்ணீர் குடித்து எழுந்தால், மறு சண்டையில் முன்னால் போய் நின்று அடி வாங்கி மறுபடி படுத்துக்கொள்வான். தானே படுத்துவிட்டதால் அவனுக்கு முறையே வருவதில்லை. 'அப்பா'வுக்கும் 'அம்மா'வுக்கும் சேர்த்து நானே ஆடினேன். கைப்பிடி என் கையிலேயே இருந்தது, கிணற்றடியில் மட்டும் மூட்டை முடிச்சைச் சரிபார்க்கிறேன் என்று அவன் வாங்கிக்கொள்வான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பான், இல்லையென்றால் திரையில் வரும் ஆங்கிலத்தை என்னையே படிக்கச் சொல்லி உயிரை எடுப்பான். ஹாஸ்டலுக்குப் போகிற திமிர், இனிமேல் நானும் இந்த விளையாட்டும் அவனுக்கு ஒரு பொருட்டில்லை என்று நினைத்தேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. ஒருமுறை வீம்புக்கு மருந்துப் புட்டியை எடுத்தேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டான். மருந்து போடுவதுதான் என் வேலை, அதையும் செய்யவிடவில்லை.

அம்மா அதே அறையில் உட்கார்ந்து அவன் சட்டை, துண்டு, போர்வை எல்லாவற்றிலும் சிவப்பு நூலில் ஹாஸ்டல் நம்பரைத் தைத்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் கூட்டிக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு அம்மாவுக்குத் தெரியும். ஒருநாள் நிமிர்ந்து பார்த்தவர் தைப்பதை நிறுத்திவிட்டார்.

"ஏஞ்சாமி, அது உன்ற பேருதான? ஊருக்குப் போற பையனை இப்படியா செகப்புல பேரைப் போட்டுப் படுக்க வெப்பீங்க? நல்லாவா இருக்குது?"

"தூங்கறான் அம்மா" என்றான் அண்ணன்.

"நீங்களும் அப்பாவும் நின்னுட்டுத்தான இருக்கறீங்கம்மா, அப்பறமென்ன?" என்று நானும் சொன்னேன். அம்மா ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டார். ஆனாலும் அன்று இரவு அண்ணனுக்குத் திருஷ்டி சுற்றிப்போட்டார்.

போவதற்கு முந்தின நாள், ஒருவழியாக ராஜாவிடம் போகலாம் என்றான். மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. மூன்றே காலுக்கு அரண்மனை வாசலில் இருந்த கிணற்றில் பதிந்துவைத்துவிட்டு உள்ளே நுழைந்தோம். ராஜா முதல்முறை கையை ஓங்கிய அதே நேரத்தில் வானம் கறுத்துவிட்டது. களத்தில் அன்று நிறையக் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. நனைந்தால் பூசணம் பிடித்துவிடும். அப்பா குரல் கொடுத்ததும் கைப்பிடியைப் போட்டுவிட்டு ஓடினோம். ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தார்ப்பாயை இழுத்து மூடி, காற்றில் பறக்காமல் கல் வைத்துவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்து திரும்பினால் டிவி இருட்டாக இருந்தது. மழைக்குப் போன கரண்ட் மறுநாள் அவன் பஸ் ஏறுகிறவரை வரவில்லை.

டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறும்போது, "நீயே முடிச்சுரு" என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பெட்டியை நான் மூன்று மாதம் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வார்டனின் ஃபோனில் வரிசையில் நின்று அவன் பத்து நிமிடம் பேசுவான். அம்மாவிடம் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பான். என்னிடம், "முடிச்சயா?" என்று மட்டும் கேட்பான். இல்லை என்று சொல்லிவிட்டு ஃபோனை அம்மாவிடம் தந்துவிடுவேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது எனக்குத் தெரிந்தது ஒன்பது வருடம் கழித்து, கோயமுத்தூரில் கல்லூரி விடுதியில். என் அறைத் தோழி லேப்டாப்பில் இதே மாதிரி ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆட்களில் ஒருவன் கீழே கிடந்தான். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன். "கீழ கெடக்கறவனுக்குப் புள்ளியில பங்கு கெடையாது. அவன் பங்கும் மத்தவங்களுக்குப் போயிரும். நோஞ்சானைச் சீக்கிரம் தேத்தணும்னா பலசாலியப் படுக்க வெச்சிரணும்" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். நான் எழுந்து வெளியே போய் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். "அப்படியா? எனக்கு ஞாபகமே இல்ல" என்றான். அவன் பொய் சொல்கிற விதம் மாறவே இல்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி என்று சொல்லிப் பழக்கமில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்லதையெல்லாம் நினைத்துப் பார்த்தால், தரையில் படுத்துக் கிடந்த அந்தச் சின்ன உருவம்தான் முதலில் வந்து நிற்கிறது.

அந்த வருடக் காலாண்டு லீவு வந்தது. ஸ்பெஷல் கிளாஸ் என்று அவனை வீட்டுக்கு விடவில்லை. அந்தக் கோபத்தில்தான் பெட்டியைத் தூசி தட்டி மாட்டினேன். ஆட்டம் அரண்மனைக் கிணற்றடியில் நின்றிருந்தது. நான்கு பேரின் கணக்கையும் திறந்து பார்த்தேன். 'கண்ணு' எல்லோரையும்விடப் பலசாலியாக இருந்தாள். கோடையில் கிடைத்த சிவப்புப் பழம் அத்தனையும் அவள் தின்றிருந்தாள். 'அண்ணன்' உடம்பில் கவசமே இல்லை, அது 'கண்ணு' மேல் இருந்தது. மாற்றி மாட்டிவிட்டிருக்கிறான், கவனமே இல்லாதவன் என்று நினைத்துக்கொண்டேன். நான் இவ்வளவு பலசாலியானது என் சொந்தச் சாமர்த்தியம் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை.

பத்தே காலுக்கு உள்ளே போனேன். பதினொன்றுக்குக் கரண்ட் போய்விடும். ராஜா கையை ஓங்கினார், 'அண்ணன்' முதல் அடியிலேயே விழுந்தான். கை தானாக மருந்துப் புட்டிக்குப் போனது. கெடக்கட்டும் உடு என்று அவன் சொன்னது ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன். ஒன்பது புட்டியும் மிச்சம் இருந்ததால் 'அப்பா' விழும்போதெல்லாம் எழுப்ப முடிந்தது, 'அம்மா' விழும்போதும் எழுப்ப முடிந்தது. நிஜ அம்மா முறத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நிஜ அப்பா கதவோரம் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். "கண்ணு, இன்னும் எட்டு நிமிசந்தான் இருக்குதுங்க" என்றார்.

கடைசிப் புட்டியும் தீர்ந்தது. 'அப்பா' விழுந்தார், 'அம்மா' விழுந்தாள். 'கண்ணு' ஒருத்தி மட்டும் நின்றாள். ராஜா ஓங்கி அடித்தார், அவள் விழவில்லை. கையில் இருந்த மருந்துக் கோலால் ஒரு தட்டுத் தட்டினாள். ராஜா முதல்முறையாகச் சிம்மாசனத்தை விட்டு எழுந்தார், அப்படியே பொடிப்பொடியாக உதிர்ந்தார். "பாவம், எந்திரிச்சுட்டாருங்க" என்றார் அப்பா. அம்மா என் தலையைத் தடவினார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் மணி அடித்ததும் நான்தான் ஓடிப்போய் எடுத்தேன்.

"அண்ணா, முடிச்சுட்டேன்."

"நெசமாவா?" என்றான்.

"நெசமாத்தான். நீ மொத அடிக்கே உழுந்துட்டே. கவசங்கூடப் போடாம நின்னா வேறென்ன ஆகும்? உன்னைய நான் எழுப்பவே இல்ல. நான் ஒருத்தியாவே முடிச்சேன்."

அவன் சிரித்தான். "கெட்டிக்காரி" என்றான். இன்னொரு முறை கெட்டிக்காரி என்று சொல்ல வந்து பாதியில் நிறுத்தினான். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பின்னால் வரிசையில் நின்ற யாரோ நேரமாச்சு என்று கத்தினார்கள்.

ஃபோனை அம்மாவிடம் கொடுத்தேன். "அண்ணனுக்குச் சளி புடிச்சிருக்குதும்மா. கஷாயம் வாங்கிக் குடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, களத்துக்கு விளையாட ஓடிவிட்டேன்.