அவசரம் தந்தவர்களுக்கு நன்றி

"எழுத்து உனக்கு நல்லா வருதும்மா. மேடைதான் சரிப்பட்டு வராது."

மூன்று வருடம் முன்பு கொச்சியில், கலூரில் ஒரு தமிழ் விழா. நான் பேசிவிட்டு இறங்கியதும் கமிட்டிக்காரர் ஒருவர் சொன்னது இது. திட்டவில்லை. கையில் சாயாவைக் கொடுத்துவிட்டுப் பாவமாகப் பார்த்தபடி சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்... பரிதாபத்துக்கு என்ன பதில் சொல்வது?

அப்படி என்ன செய்துவிட்டேன்? ஒரே ஒரு சொல்தான்.

நான் படித்தது மட்டாஞ்சேரியில், மலையாள மீடியம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் — சந்தர்ப்பம் கிடைத்தால் இதைச் சொல்லாமல் விடமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் எந்தப் பேச்சுப் போட்டியானாலும் முதல் வரி ஒன்றுதான். இந்த 'அவசரம்' தந்ததற்கு நன்றி. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மேடை ஏறினால் என் வாய் தானாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்.

"எனக்கு இப்படி ஒரு அவசரம் தந்த உங்கள் எல்லாருக்கும் நன்றி" என்று கணீரென ஆரம்பித்தேன்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல். "அவசரம்னா போயிட்டு வந்துடும்மா... நாங்க வெயிட் பண்றோம்!"

ஹாலே சிரித்தது. எதற்கென்று எனக்குப் புரியவில்லை. துப்பட்டாவைச் சரிசெய்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். மூன்று பக்கத்தை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு இறங்கினேன். திரும்பி வரும்போது, பஸ் தோப்பும்படி தாண்டிய பிறகுதான் உறைத்தது.

அதோடு சரி. பேச்செல்லாம் ஆன்லைனில் மட்டும். அங்கே யாரும் சிரிப்பது கேட்காது — எல்லோரும் மியூட்டில் இருப்பார்கள். வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் வாய் ஓயாமல் பேசுகிறவள், மனிதர்களை நேரில் பார்த்தால் ஊமை!

இந்த மாதம் அம்மா ரிட்டயர் ஆகிறாள். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து போன ஞாயிறு ஒரு வழியனுப்பு வைத்தார்கள். பேசுகிறவர்களில் என் பெயரையும் கொடுத்துவிட்டாள் அம்மா.

"என்னைக் கேக்காம எப்படிம்மா குடுத்தே?"

"கேட்டா வேணாம்பே."

"சூப்பர்வைசர் பேசுறார், யூனியன்காரங்க பேசுறாங்க. போதாதா?"

"அவங்க எல்லாருக்கும் ஒரே பேச்சுதான்டி, பேரை மட்டும் மாத்திப்பாங்க. எனக்குன்னு ஒருத்தர் பேச வேணாமா? எனக்கு இருக்கிறது இந்த ஒரு நாள்."

வியாழக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வருகிறவர்களில் பாதி மலையாளிகள், பாதி எங்கள் தமிழ் ஆட்கள். எந்த மொழியில் எழுதுவது? தமிழில் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு சொல்லும் சந்தேகம். 'வெள்ளம்' என்று எழுதி அடித்தேன். அது மலையாளத்தில் மாதிரி குடிக்கிறதா, தமிழில் மாதிரி மூழ்கடிக்கிறதா?

"எந்தப் பாஷையில பேசட்டும்?" என்று அம்மாவிடமே கேட்டேன்.

"வீட்ல எங்கூட சண்டை போடுவியே... அந்தப் பாஷையில."

ஞாயிற்றுக்கிழமை. என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கை வாயருகே கொண்டுபோனதில் அது பல்லில் இடித்தது. ஸ்பீக்கரில் 'டொக்'. எதிரே எழுபது, எண்பது முகங்கள். ஓடிவிடலாமா? அம்மா முதல் வரிசையில், கழுத்தில் மாலையோடு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷத்துல எங்கம்மா ஒரு நாள்கூட சும்மா லீவு எடுத்ததில்ல..."

சிரிப்பு. மொத்த ஹாலும்!

கலூரில் கேட்ட அதே சிரிப்பு. எந்தச் சொல் தப்பு? லீவா? சும்மாவா? கால் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. எங்கிருந்து வந்ததோ, மைக்கிலேயே கேட்டுவிட்டேன்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?"

அம்மாவோடு வேலை செய்யும் செல்வி அக்கா எழுந்தார். "லீவே எடுத்ததில்லையா? புதுப் படம் ரிலீஸானா உங்கம்மாவுக்கு வயித்துவலி வந்துடும்டி! உங்கிட்ட சொன்னதேயில்லையா?"

அம்மா மாலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த சூப்பர்வைசர் சேட்டன், "எனிக்கும் அறியாம்" — எனக்கும் தெரியும் — என்று தலையாட்டினார்!

அப்புறம் நாலு நிமிடம் பேசினேன். பயம் போனதா? இல்லை. ஆனால் ஒன்று புரிந்தது. கலூரில் என்னைக் கவிழ்த்தது தப்பான சொல் இல்லை. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்காமல் ஓடி வந்தேனே, அதுதான்.

சாப்பாட்டுப் பந்தியில் செல்வி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அடுத்த வாரம் வார்டு சபா கூட்டம் இருக்கு. வேலை முடிஞ்சு துணி மாத்த எங்களுக்கு ஒரு ரூம் கெடையாது. நாங்க சொன்னா காதுல விழமாட்டேங்குது. நீ எந்திரிச்சுக் கேளு."

கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. இங்கே சிரித்தவர்கள் அம்மாவின் சிநேகிதிகள். அங்கே கவுன்சிலர், அதிகாரிகள், பக்கத்துத் தெரு ஆண்கள். அவர்கள் சிரித்தால் அது வேறு மாதிரி இருக்கும். சிரிக்கக்கூடச் செய்யாமல் செல்போனைப் பார்த்தால்?

செவ்வாய்க்கிழமை வார்டு ஆபீஸுக்குப் போய், பேசுகிறவர்கள் பட்டியலில் பெயர் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், கையெழுத்துப் போட்ட அவசரத்தில் அந்த ஆபீஸ் பேனாவும் என் பைக்குள் வந்திருக்கிறது!