இடுப்பளவு சுவர் வைத்த படகில் பெருமாள் ஏரிக்கு

எழுத்து ஒரு வரியில் ஏறி இன்னொரு வரியில் இறங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில் எழுதப் பழகிய கை. ஒரு ‘ஐ’ போட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. நோட்டில் எழுதுவதை மருமகள் அப்படியே படம் பிடித்து இந்தப் பக்கத்தில் ஏற்றுகிறாள். கோணல் எல்லாம் என்னுடையது.

போன ஞாயிற்றுக்கிழமை பெருமாள் ஏரிக்குப் போனேன். காரணம் என் சகலை கோதண்டம். சுரங்கத்தில் நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் பிரிவில் ரிட்டயர் ஆனவர், மீன் பிடிக்க ஒரு பழைய பைபர் படகு வாங்கியிருந்தார். அவர் மனைவி வசந்தா என் மனைவியின் தங்கை. பக்கச் சுவர் இடுப்பளவு இருந்தால்தான் அனுப்புவேன் என்று முதலில் சொன்னாள். ஒரு தடவை நனைந்து வந்தாலும் படகை விற்றுவிடுவேன் என்று பிறகு சொன்னாள். வாங்குவதற்கு ஆளும் பார்த்துவிட்டாள்.

“மாமா, அவரு சொல்றத நான் நம்ப மாட்டேன். நீங்க கூடப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க நல்லதுன்னா படகு இருக்கும், இல்லன்னா போவும்” என்றாள்.

எனக்கு நீச்சல் தெரியுமா என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. தெரியாது.

சுரங்க டவுன்ஷிப்பில் மகன் குவார்ட்டர்ஸிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். பஸ்ஸின் பலகையை நானே படித்தேன். ஏறியதும் வடக்குத்து போகுமா என்று கண்டக்டரைக் கேட்டேன்.

“அதான் போர்டுல போட்டுருக்கே பெரியவரே.”

“படிச்சிட்டேங்க. நீங்களும் அதையேதான் சொல்றீங்களான்னு பாத்தேன்.”

வடக்குத்தில் சகலை மொபெட்டோடு நின்றார். குறிஞ்சிப்பாடியில் இட்லி, டீ, இரண்டு பேருக்கும் எண்பது ரூபாய். அங்கிருந்து கிழக்கே ஏரி. மொபெட் பயணம் சுமார் இருபது கிலோமீட்டர். பின் சீட்டில் உட்காருபவர்கள் துண்டை மடித்துப் போட்டுக்கொள்வது நல்லது.

படகைப் பார்த்ததும் யாரோ கரையில் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முழங்கால் உயர ஓரத்தின் மேல், காயலான் கடையில் வாங்கிய கன்வேயர் பெல்ட்டைச் சுற்றிலும் நிறுத்தி, போல்ட் போட்டு, இடுப்புக்கு மேலே கொண்டுவந்திருந்தார்.

“மைன்ஸ்ல இடுப்பளவு கம்பித் தடுப்பு இல்லாத பாதையில ஒரு நாள் நடந்திருப்பமா சகல? அதே சேப்டிதான் இது” என்றார். நானும் அதே சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவன். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

உள்ளே ஏற ஒரு பிளாஸ்டிக் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட வேண்டியிருந்தது. ஏறியதும் அதையும் உள்ளே எடுத்துக்கொண்டோம். உட்கார்ந்தால் ஏரி தெரியவில்லை, வானம் மட்டும் தெரிந்தது. துடுப்பும் தண்ணீரை எட்டவில்லை. பெரிய அண்டாவுக்குள் நின்றுகொண்டு வெளியே பரிமாறுகிறவர் மாதிரி சகலை நின்றே துழாவினார். காற்று வந்தது. உயர்ந்த சுவர் அதை வாங்கிக்கொண்டு எங்களைக் கோரைப் புதர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிற்று. சகலை அங்கேயே வலையை விட்டார்.

வலையை இழுக்கும்போதுதான் வினை. குனிந்தால் கை எட்டவில்லை. சகலை அந்தக் கூடையின் மேல் ஏறி நின்றார். இடுப்புக்கு மேல் இருந்த சுவர் அவர் முழங்காலுக்கு வந்துவிட்டது. வலையை ஒரு இழு இழுத்தார். வலை வரவில்லை, அவர் போனார்.

கழுத்தளவு தண்ணீர், காலடியில் சேறு. ஈர ரப்பரில் கை நிற்கவில்லை. நான் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன். படகு எங்கள் பக்கம் சாய்ந்தது.

“வுடுங்க சகல! நீங்களும் வந்துடுவீங்க!”

“நான் வந்தா நீங்கதான் என்னையும் தூக்கணும்!”

பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா தன் படகைக் கொண்டுவந்தார். அதன் ஓரம் தண்ணீருக்கு மேல் ஒரு சாண்தான் இருக்கும்.

“என்னாங்க, ஆளப் புடிக்கவா தொட்டி கட்டிகினு வந்தீங்க?” என்று கேட்டபடி சகலையை நெல் மூட்டை மாதிரி உள்ளே உருட்டினார். உடனே அந்தப் படகுக்குள் தண்ணீர் ஏறியது. டப்பாவால் மொண்டு ஊற்றிக்கொண்டே, “என்னுது இப்பிடித்தான். வல வுடறது பாதி நேரம், தண்ணி மொள்றது பாதி நேரம்” என்றார். ஆக, தாழ்வாக இருந்தாலும் பாடுதான்.

அந்த அம்மாவே எங்கள் படகையும் கட்டி இழுத்துக் கரை சேர்த்தார். கரையில் சட்டையைப் பிழிந்துகொண்டே சகலை கெஞ்சினார். “வேர்வைன்னு சொல்லிடலாம் சகல.”

“மீசையில பாசி ஒட்டிகினு இருக்குது. அதுவும் வேர்வையா?”

வீட்டு வாசலில் வசந்தா அவரைப் பார்த்தாள், படகு வாங்கும் ஆளைக் கூப்பிடப் போனை எடுத்தாள். நான் அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கே அவள் இடுப்புக்கு மேல் உயரமாக ஒரு சிமெண்ட் தொட்டி, அடியில் கொஞ்சம் தண்ணீர். ஒரு சொம்பை அதில் போட்டு, “எடும்மா” என்றேன்.

குனிந்தாள். எட்டவில்லை. இன்னும் குனிந்தாள். கால் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. “மாமா! புடிங்க!” சகலைதான் ஓடிவந்து பிடித்தார்.

“இதாம்மா அங்கயும் நடந்தது. வுழுந்தவரால திரும்ப ஏறவும் முடியல” என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. “அப்ப நாந்தான் அவரத் தள்ளி வுட்டனா?”

“நீ இடுப்பளவுதான் கேட்ட. மேல நாலு விரல் நாந்தான் கூட்டினேன்” என்றார் சகலை. வசந்தா போனில், “படகு விக்கறதுக்கு இல்லீங்க, அறுக்கப் போறோம்” என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த ஆள் என்ன நினைத்தாரோ.

சின்னப் படகில் போகிறவர்கள் முதலில் உள்ளே நின்று பாருங்கள். ஓரம் முழங்காலுக்கு மேல், தொடையில் படவேண்டும். முட்டி போட்டால் கை தண்ணீரைத் தொடவேண்டும். ஆளும் வலையும் ஏறிய பிறகும் அலை உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது. விழுந்தவர் கால் வைத்து ஏற ஒரு கயிற்று வளையம் கட்டுங்கள். மிதவைச் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள். நான் ஏறியது முட்டாள்தனம்.

சனிக்கிழமை பெல்ட்டை அறுக்கிறோம், முழங்காலுக்கு மேல் நாலு விரல் மட்டும் விட்டு. மிதவைச் சட்டை இரண்டு போதும் என்றார் சகலை. மூன்று வாங்கச் சொல்லியிருக்கிறாள் வசந்தா. யார் நனைந்தார்கள் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன், நோட்டு நனையாமல் இருந்தால்.