கட்டிலுக்கடியில் மருந்து

கந்தக வாடை கையை எவ்வளவு தேய்த்தாலும் போகாது. சோறு உருட்டும்போதும் மூக்கில் ஏறும். ஆனைக்குட்டம் பக்கம் எங்கள் தெருவில் வெடிக்குப் போடுகிற பொடி எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், "மருந்து". இரண்டாயிரத்துச் சொச்சத்தில், நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, அம்மா பட்டாசுக் கம்பெனி வேலை போக வீட்டிலும் திருட்டுத்தனமாகத் திரி செய்தாள். அதற்கான மருந்து வாளியில் கட்டிலுக்கடியில் இருக்கும், அதற்கு மேலே நான் தூங்குவேன். "வெளிய மூச்சு விட்டே, ஆத்தா ஜெயிலுக்குத்தாம்லே" என்பாள்.

அந்த வருடப் பள்ளி ஆண்டு விழாவில், ஊர் ஊராகப் போட்டுப் பழகிய மாமியார் மருமகள் நாடகம் ஒன்றை ஆசிரியர்களே நடித்தார்கள். முடிந்ததும் மேடையேறி விமர்சனம் சொல்ல வேண்டியவன், வாயாடி என்று பெயரெடுத்த நான். முன் வரிசையில் சூலக்கரை கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்த வெளியூர் அதிகாரி.

மீசைக்குப் பவுடர் அப்பிச் சேலை கட்டிய கணக்கு வாத்தியார், "கட்டிலுக்கடியில என்னத்தடி ஒளிச்சு வச்சிருக்க?" என்று சீற, அரிக்கேன் விளக்கோடு நின்ற மருமகள், "மருந்து அத்தை" என்று நடுங்கினாள். சீக்காளிப் புருஷனுக்காக மாமியாருக்குத் தெரியாமல் வாங்கிய இருமல் மருந்து. அதிகாரி உச்சுக்கொட்டினார். எங்கள் தெருப் பெண்களோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பக்கத்து வீட்டுச் சித்தி தாங்க மாட்டாமல், "ஏத்தா, மொதல்ல அந்த வெளக்கத் தள்ளி வையி!" என்று மேடையை நோக்கிக் கத்தினாள்.

நான் மேடையேறினேன். நடிப்பு பிரமாதம், சேலை பிரமாதம், மாமியாரின் மீசைதான் கொஞ்சம் எட்டிப் பார்த்தது என்று, மருந்து என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் தொடாமல் சுற்றிக்கொண்டு போனேன். அதிகாரி சிரித்தபடி, "எல்லாம் சொன்னியே தம்பி, கட்டிலுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு சொல்லலையே?" என்றார்.

"எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல சார்!"

பின்னாலிருந்து அம்மா எழுந்தாள்.

"ஏலே, ஒன் வீட்ட இங்கன யாரு கேட்டா? நாடகத்தச் சொல்லுலே!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது, அதிகாரி கைதட்டினார். அப்புறம் யாரும் எங்கள் வீட்டைத் தேடி வரவில்லை. ஆனாலும் அன்றே அம்மா வாளியை, மருந்து தந்த ஏஜெண்டிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். "ஒன் வாயையும் மருந்தையும் ஒரே வீட்டுல வச்சுக்கிட முடியாதுலே."

இப்போது அந்தத் தெருவில் வீட்டுத் திரி கிடையாது என்கிறார்கள். எந்த நாடகத்தைப் பற்றிப் பேச அழைத்தாலும், முன் வரிசையில் யார் என்று பார்த்த பிறகே வாய் திறக்கிறேன். பின் வரிசைப் பக்கம் திரும்புவதில்லை. அம்மா போன பிறகு, நான் உளறினால் அங்கிருந்து அதட்ட ஆளில்லை.