மாமாவின் போனில் அக்காவின் உடம்பு

அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று, மாத்திரைக் கவரோடு ஒரு ஆப்பும் கொடுத்தார்கள். பிரசவமான பெண்ணிடம் அது தினமும் காலையில் சில கேள்விகள் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே மூன்று முகங்கள். சிரிக்கிற பச்சை, உம்மென்று இருக்கிற மஞ்சள், அழுகிற சிவப்பு. சிவப்பைத் தொட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிடுவார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் நான் பார்ப்பது இந்த மாதிரி ஆப்களைச் சோதிக்கிற வேலைதான். எந்தப் பட்டனை எப்படி அழுத்தினால் உடையும் என்று தேடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள். பில் போடும் இடத்தில் நின்றபடியே அதை ஒரு சுற்று உருட்டிப் பார்த்துவிட்டேன். தமிழ் ஒழுங்காக இருந்தது. எழுத்து பெரிதாக இருந்தது. சிக்னல் இல்லாவிட்டாலும் பதிலைப் பிடித்து வைத்திருந்து பிறகு அனுப்பியது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

ஓடிபி மட்டும் மாமாவின் போனுக்கு வந்தது. அக்காவைச் சேர்க்கும்போது போன் நம்பர் கேட்டார்கள். எல்லோரையும் போல நாங்களும் புருஷன் நம்பரைச் சொல்லியிருந்தோம். அதனால் ஆப் மாமாவின் போனில் ஏறியது.

"அதுக்கென்ன அம்மணி, நான் டெய்லி போட்டுர்றேன்" என்றார் மாமா. மதுக்கரைப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர் அவர். இயந்திரங்களுக்குத் தினமும் அளவு பார்த்துக் குறித்துவைக்கிற கை. அப்படிப்பட்டவரிடம் வேலையைக் கொடுத்தால் ஒருநாளும் தவறாது. தவறவும் இல்லை.

முதல் பிரசவம் என்பதால் அக்கா அன்னூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா இல்லை. அம்மாதான் எல்லாம். வந்த அன்றே அக்காவின் போனை வாங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

"பச்ச ஒடம்புக்காரி போன் பாத்தா கண்ணு போயிரும்."

"ஏம்மா, டாக்டரே போனைப் பாருங்கன்னு ஆப்பு குடுத்திருக்காங்க" என்றேன்.

"செரி, அந்த ஆப்பு வந்து பத்தியச் சோறு ஆக்குமா? ஒடம்புக்குச் சுடச்சுட வேதண்ணி ஊத்துமா? ஊத்தும்னா சொல்லு, நா சித்த நேரம் படுத்துக்கறேன்."

அக்கா கட்டிலில் படுத்தபடி சிரித்தாள். சிரித்தால் தையல் இழுக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் மறுநாள் துடியலூரில் என் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படம் வரும். மாமா திரையைப் படம் பிடித்துப் போடுவார். வரிசையாகப் பச்சை முகங்கள். கீழே 'இன்று நீங்கள் நலமாக இருக்கிறீர்கள்' என்ற வரி. நான் பஸ்ஸில் நின்றுகொண்டே அதற்கு ஒரு இதயம் போடுவேன். ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரியிடம் காட்டி, இப்படி ஒரு ஆப் நம்மால் ஏன் செய்ய முடியவில்லை என்று ஒருநாள் வாதம்கூடச் செய்தேன்.

அந்தப் பச்சை எப்படி வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அம்மாவும் மாமாவும் தனித்தனியே சொன்னதை வைத்து அந்தப் பேச்சை அப்படியே எழுதிவிட முடியும். தினமும் ஒரே பேச்சுதான். ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் மாமா அம்மாவைக் கூப்பிடுவார்.

"அத்தைங்க, நாந்தானுங்க."

"சொல்லுங்க மாப்ள. டூட்டி ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க. அது கேக்குதுங்க, நல்லாத் தூங்குனாங்களான்னு."

"தூங்குச்சுங்க. கொளந்தைதான் சித்த அழுதுச்சு."

"சாப்பாடு எறங்குதுங்களான்னு."

"நல்லா உண்ணுதுங்க."

"பாலு?"

"கொளந்தை குடிக்குதுங்க."

இங்கே மாமா கொஞ்சம் நிறுத்துவார்.

"அப்பறம்... மத்ததெல்லாம் செரிங்களா அத்தை?"

"எல்லாஞ் செரிதானுங்க மாப்ள. நீங்க நேரத்துக்கு உண்டுபோட்டுத் தூங்குங்க."

'மத்ததெல்லாம்' என்பதற்குள் இருந்தவை இவை. ரத்தப்போக்கு எப்படி இருக்கிறது? அதில் கெட்ட வாடை வருகிறதா? தையல் போட்ட இடத்தில் சீழ் தெரிகிறதா? காய்ச்சல், குளிர் உண்டா? காரணமில்லாமல் அழுகை வருகிறதா?

மாமியாரிடம் ஒரு மருமகன் இவற்றைக் கேட்க முடியாது. மருமகனிடம் ஒரு மாமியார் இவற்றைச் சொல்லவும் முடியாது. எங்கள் வீட்டில் மாமா வந்தால் அம்மா இன்றும் உட்கார மாட்டார். கதவோரம் நின்றுதான் பேசுவார். காய்ச்சலைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லைதான். ஆனால் ஆப்பில் அது வாடைக்கும் சீழுக்கும் பின்னால் வரிசையில் நின்றது. அங்கே வரும் முன்பே மாமா 'மத்ததெல்லாம்' சொல்லிவிடுவார். பிறகு போனை வைத்துவிட்டு, மிச்சக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பச்சை போடுவார். அவர் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. எல்லாம் சரி என்று அத்தையே சொல்லிவிட்டாரே.

அக்காவுக்கு வாடை தெரிந்திருந்தது. அம்மாவிடம் சொன்னாள். "அழுக்கு போவுது கண்ணு, போவட்டும்" என்று அம்மா சொன்னார். உடம்பு சுட்டபோது, பால் கட்டிய காய்ச்சல் என்று மாரில் முட்டைக்கோஸ் இலை வைத்தார். தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று அதைக் குறைத்தார். எல்லாம் அக்கறைதான். அந்த அக்கறையில் ஒரு குறை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா குழந்தையைப் பார்க்க வந்தார். அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா அந்த அறையில் சாம்பிராணி போட்டார். குழந்தை இருக்கிற வீட்டில் அது வழக்கம். அன்று கொஞ்சம் கூடவே போட்டார். விரிப்பை மாற்றி, அக்காவை நிமிர்த்தி உட்காரவைத்து, பொட்டு வைத்துவிட்டார். மாமா புகைக்குள் வந்து மகளைத் தூக்கிக் கொஞ்சினார்.

"எப்படி இருக்கறே?" என்று அக்காவைக் கேட்டார்.

அம்மா கதவோரம் நின்றிருந்தார். "நல்லா இருக்கறனுங்க" என்றாள் அக்கா.

அடுத்த சனிக்கிழமை நான் ஊருக்குப் போனேன். காலையில் வந்த பச்சைப் படத்துக்கு இதயம் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். கதவைத் திறந்ததும் சாம்பிராணி நெடி. அதற்கு அடியில் இன்னொன்று. செத்த எலியைத் தேடுவதுபோல நான் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அக்கா இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். பல் அடித்துக்கொண்டது. குழந்தையை அவளுக்கு எட்டாத இடத்தில் தள்ளிப் படுக்கவைத்திருந்தார்கள்.

"எப்பயிருந்துக்கா?"

"மாமாகிட்ட சொல்லிப்போடாத பாப்பா. அவிய பயந்துக்குவாங்க."

"அம்மா, வண்டிக்குச் சொல்லுங்க."

"சனிக்கெழமையும் அதுவுமா பச்ச ஒடம்பை எங்க கூட்டிட்டுப் போறது? கசாயம் வெச்சிருக்கறேன்" என்ற அம்மா, கம்பளியை விலக்கி அக்காவின் காலைத் தொட்டார். கால் ஐஸாகச் சில்லிட்டிருந்தது. பக்கத்து வீட்டுக் காரைத் தேடி, செருப்புப் போடாமல் ஓடினார்.

அன்னூரிலிருந்து ஆஸ்பத்திரி வரும்வரை அக்கா என் மடியில் கிடந்து ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். பாதி புரியவில்லை. மாமாவுக்கு டிபன் கட்டச் சொன்னாள். இடையில் ஒருமுறை தெளிவாக, "ஆப்புல போட்டாச்சா?" என்று கேட்டாள்.

மாமா எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். ராத்திரி ஷிப்ட் யூனிபார்மையே மாட்டிக்கொண்டு, கிரீஸ் கறையோடு. உள்ளே கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். கையில் இருந்த டேப் திரையில் அந்த ஆப் திறந்திருந்தது.

"எத்தனை நாளா காய்ச்சல்?"

"நாலஞ்சு நாளா இருக்குமுங்க" என்றார் அம்மா.

மாமா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னிக்குக் காலைல வரைக்கும் எனக்குப் பச்சைதான் வந்திருக்கு. காய்ச்சல் இல்ல, வாடை இல்ல. யாரு பதில் போட்டது?"

"நாந்தானுங்க டாக்டர்."

"நீங்க பாத்தீங்களா?"

"கேட்டனுங்க."

"என்ன கேட்டீங்க?"

மாமா வாயைத் திறந்தார். அம்மா அந்த இடத்தில் நிற்கும்போது அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. அப்போதும் முடியவில்லை. "மத்ததெல்லாம் செரியான்னு கேட்டனுங்க" என்றார்.

டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு நேரம் இருக்கவில்லை. கர்ப்பப்பை முழுக்கச் சீழ் பிடித்துவிட்டது, ரத்தத்திலும் ஏறிவிட்டது, மருந்துக்கு அடங்காவிட்டால் எடுக்க வேண்டியிருக்கும் என்று நின்ற வாக்கிலேயே சொன்னார். மறுநாள் எடுத்தார்கள். அதன் பிறகு அக்கா ஐசியூவில் கிடந்த நாட்களில் குழந்தைக்கு நான் புட்டிப்பால் கொடுத்தேன். அக்காவின் மாரில் ஊறிய பாலை நர்ஸ் பிழிந்து வாஷ்பேசினில் ஊற்றியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். உசுரு தப்பிச்சுதே. ஒண்ணு கையில இருக்குதல்ல. அம்மா ஒவ்வொருவரிடமும் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினார். போகிறவர்களிடம், இந்த ஆப்புதான் எங்களை ஏமாத்திப்போட்டுது என்று சொல்லி அனுப்பினார். நான் ஆப்புக்காக வாதாடவில்லை. சோதித்துப் பார்க்கிறவள் என்கிற வகையில் சொல்ல வேண்டுமென்றால், அது செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்தது. கேட்டது, சொன்னதை நம்பியது.

அக்கா மறுபடியும் அன்னூருக்கு வந்த வாரம் மாமா லீவு போட்டு வந்திருந்தார். அம்மா கதவோரம் நின்றார். நான் கட்டிலின் கால்மாட்டில். மாமாவின் போன் மணியடித்தது. ஆப்பின் காலைக் கேள்விகள். யாரும் அதை நிறுத்தச் சொல்லியிருக்கவில்லை. மாமா அதை அணைக்கப் போனார்.

"படிங்க" என்றாள் அக்கா.

"வேண்டா, உடு."

"எங்கிட்டக் கேக்கறதுதானுங்க அது? படிங்க."

மாமா எழுத்துக்கூட்டுவதுபோல் படித்தார். தூக்கம். சாப்பாடு. பால். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தூக்கம் இல்லை. பால் நின்றுவிட்டது. மாமா அதற்கேற்ற நிறத்தைத் தொட்டுக்கொண்டே வந்தார். ரத்தப்போக்கு என்று வந்ததும் குரல் தாழ்ந்தது, ஆனாலும் படித்தார். அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

"காரணமில்லாமல் அழுகை வருகிறதா?"

"வருதுங்க. காரணமில்லாமன்னு போட்றாதீங்க."

அப்படிப் போட அதில் இடமில்லை. மாமா சிவப்பைத் தொட்டார். அடுத்ததைப் படிக்க ஆரம்பித்தார். "அடுத்த குழந்தைக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று..." என்றவர் நின்றுவிட்டார்.

சமையலறையில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"முழுசும் படிங்க" என்றாள் அக்கா.

"...உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டீர்களா?"

அதற்குள் போனே அடித்தது. சிவப்புக்கு வருகிற அழைப்பு. இத்தனை நாளில் முதல் தடவை. மாமா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "சார், பேஷண்ட் எப்படி இருக்காங்க?" என்று ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது.

மாமா போனை அக்காவிடம் நீட்டினார். அம்மா ஈரக் கையோடு கதவுக்கு வந்து, "போன் வேண்டாங் கண்ணு" என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டார். அக்கா ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"நாந்தானுங்க பேசறேன். எனக்குக் கர்ப்பப்பை எடுத்துட்டாங்க. உங்க ஆஸ்பத்திரிலதானுங்க எடுத்தாங்க. அந்தக் கடைசிக் கேள்விய மட்டும் எனக்கு வராம பண்ணிடுங்க."

லைனில் இருக்கச் சொன்னார்கள் போலிருக்கிறது. "செரிங்க" என்றாள். போனைக் காதில் வைத்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.