பதினேழாம் நம்பர் துப்பாக்கி

நம்ப மனமில்லாதவர்கள் என் வீட்டுக்கு வரலாம். சட்டையைக் கழற்றி இடது தோளைக் காட்டுகிறேன். கழுத்தடியிலிருந்து முழங்கை வரை ஒரு வெள்ளைத் தழும்பு ஓடும். கத்தி பட்ட தழும்பு என்று எந்த டாக்டரும் சொல்வார். ஆனால் என் மேல் எந்தக் கத்தியும் பட்டதில்லை. எனக்கு எழுபத்திரண்டு வயது. இந்த வயதில் பொய் சொல்லி என்ன கோட்டை கட்டப்போகிறேன்?

1943 ஜனவரி. திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில், போலீஸ் ஆயுத அறை ஒன்றில் எனக்கு வேலை. பெயர் திரவியம். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கைத்துப்பாக்கிகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மணல் மூட்டையில் சுட்டுப் பார்த்து, 'குற்றமில்லை' என்று கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு துப்பாக்கி வாசல் தாண்டாது. அதில் எனக்குத் திமிரும் உண்டு. உலகச் சண்டையினால் சீமையிலிருந்து துப்பாக்கி எண்ணெய் வருவது நின்றபோது மற்றவர்கள் முழித்தார்கள். நான் செக்கில் ஆட்டின தேங்காயெண்ணெயை மூன்று தடவை துணியில் வடிகட்டி, துப்பாக்கிகளுக்குப் போட்டுச் சமாளித்தேன். முப்பது துப்பாக்கியும் வழுவழுவென்று ஓடின. மேலதிகாரிகூட என் முதுகைத் தட்டினார்.

டிசம்பர் கடைசியில் சப் இன்ஸ்பெக்டர் நீலகண்டன் செத்தார். அவரும் எங்கள் நாஞ்சில்நாட்டுக்காரர்தான். விதுராவுக்கு மேலே, மலைத் தோட்டத்துக்குப் போகிற பாதையில், விடியற்காலை ஐந்து மணிக்கு, இரண்டு கொலை செய்துவிட்டு ஒளிந்திருந்த ஒருவனை மடக்கினார். அவன் கையில் வெட்டுக்கத்தி. இவர் கையில் பதினேழாம் நம்பர் துப்பாக்கி. மூன்று தடவை சுட்டார். மூன்று தடவையும் டிக் என்ற சத்தம்தான் வந்தது. கூடப் போன கான்ஸ்டபிள் பூதலிங்கம் கண்ணால் பார்த்துச் சொன்னது இது. ஏழு வெட்டு. இடது கையில் இரண்டு விரல்கள் கடைசி வரை கிடைக்கவில்லை.

துப்பாக்கி என்னிடம் திரும்பி வந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் முன்னால் ஆறு தோட்டா போட்டுச் சுட்டேன். ஆறும் வெடித்தன. மலையில் வெடிக்காத மூன்று தோட்டாக்களிலும், பின்னாலிருந்து அடிக்கிற சுத்தி பட்ட அடையாளம் லேசாகத்தான் இருந்தது. ஏன் என்று கேட்டார்கள். என் துப்பாக்கியை நான் விட்டுக்கொடுப்பேனா? சுத்தியைப் பாதிதான் பின்னுக்கு இழுத்திருக்கிறார், பயத்தில் கை நடுங்கியிருக்கிறது என்றேன். அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். நீலகண்டனின் மனைவி பொன்னம்மை வாசலில் காத்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரருக்கா கை நடுங்கிச்சு?"

அவ்வளவுதான் கேட்டாள். குனிந்த தலையோடு உள்ளே போய்விட்டேன்.

ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. அதே கொலைகாரன் அதே மலையில் இருப்பதாகத் துப்புக் கிடைத்தது. இந்தத் தடவை போகிறவர் ஸ்ரீகண்டன். ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துப் பிள்ளை. போலீஸில் அவருக்கென்ன வேலை என்று தெருவே கேலி பேசும். மனிதர் சிரித்துக்கொண்டே சைக்கிளில் போவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குப் புறப்பட்டு, விடியும்போது அவனை வளைத்துப் பிடிப்பதாக ஏற்பாடு. நீலகண்டன் இருந்த ஸ்டேஷனில்தான் அவரும்; அந்த ஸ்டேஷனுக்கு ஒதுக்கிய துப்பாக்கி பதினேழு. அதை நான்தான் தயார் செய்து கொடுக்கவேண்டும். மறுநாள் காலையில் ஸ்ரீகண்டன் உயிரோடு திரும்புவது அந்தத் துப்பாக்கி வெடிப்பதில் இருந்தது.

மணி 5.04. வெளியே நல்ல வெயில். அறையில் நான் ஒருவன்தான். பதினேழை எடுத்தேன்... கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். கிணற்றுத் தண்ணீரில் கிடந்து வந்த இரும்பு மாதிரி அது சில்லிட்டிருந்தது. பக்கத்தில் இருந்த மற்றத் துப்பாக்கிகளைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தன.

5.09. துணியால் துடைத்தேன். துணி சிவப்பாக வந்தது. துருவாக இருக்கும் என்று மோந்து பார்த்தேன். துரு இல்லை. இந்தத் துப்பாக்கியை நான் மூன்று தடவை கழுவியிருக்கிறேன்.

5.13. துப்பாக்கியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. சுத்திக்கு அடியில், அதை முடுக்குகிற வில்லைச் சுற்றி, கெட்டியாக. நகத்தால் சுரண்டினேன். வழித்தெடுக்க வந்தது. பிணத்தின் கொழுப்பு என்றுதான் தோன்றியது.

தகட்டை மூடினேன். சுட்டுப் பார்த்துவிடலாம் என்று ஆறு தோட்டா போட்டேன். மணல் மூட்டைக்கு நேராக நின்றேன்.

டிக்.

டிக்.

டிக்.

என் வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது. அந்த வெயிலில்.

பின்னால் சத்தம். சரக்... சரக்... காய்ந்த இலையை மிதிக்கிற சத்தம். அந்த அறை சிமெண்டுத் தரை.

திரும்ப முடியவில்லை. கழுத்து மரத்துப்போயிருந்தது.

என் இடது கை மேல் ஒரு கை வந்து விழுந்தது. ஈரம். பிசுபிசுப்பு. எண்ணினேன்...

மூன்று விரல்.

காதோரம் ஒரு குரல்.

"நீ பிடிச்சுப் பாருடே, திரவியம்."

மணல் மூட்டை மறைந்தது. எதிரே பனி. பனிக்குள்ளிருந்து ஒருவன் ஓடி வந்தான். கத்தி மட்டும் பளபளத்தது.

சுத்தியை இழுத்தேன். முழுசாக இழுத்தேன். என் கை நடுங்கவில்லை. சத்தியமாக நடுங்கவில்லை.

டிக்.

டிக்.

டிக்.

தோளில் முதல் வெட்டு. எலும்பில் கத்தி இறங்குகிற சத்தம் எனக்குள்ளேயே கேட்டது. அலறினேன். இரண்டாவது. மூன்றாவது. கையைக் குறுக்கே நீட்டினேன்...

விரல்கள் தெறித்தன.

நான்கு. ஐந்து. ஆறு.

ஏழு.

"என்ன ஓய், தரையில உருண்டுண்டு கெடக்கீர்?"

ஸ்ரீகண்டன் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மணி 5.31. உடம்பில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. விரல்களை எண்ணிப் பார்த்தேன், பத்தும் இருந்தன. தோள் மட்டும் தீயாக எரிந்தது. பதினேழாம் நம்பர் பக்கத்தில் கிடந்தது. அதைத் தொடவே எனக்குக் கூசியது.

பதினேழு வேண்டாம் ஸாமி என்றேன். அதுக்கென்ன கேடு என்று கேட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். பேய் என்றால் சிரிப்பார் என்ற வெட்கம். என் துப்பாக்கியில் கோளாறு என்று விசாரணை திரும்ப வந்துவிடுமோ என்ற பயம். வில் கொஞ்சம் தளர்ந்திருக்கு என்று வாய் கூசாமல் சொன்னேன். பதினேழிலிருந்து தோட்டாக்களை உருவிவிட்டு, அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினேன். அலமாரியிலிருந்து இருபத்திரண்டை எடுத்தேன். அவர் கண்ணெதிரே ஆறு தடவை சுட்டேன். ஆறும் வெடித்தன. என் எண்ணெயை இன்னும் நாலு சொட்டு தாராளமாக விட்டுக் கொடுத்தேன்.

"நீர் பாத்துக் கொடுத்தா எனக்குச் செரிதான்" என்று சொல்லி இடுப்பில் செருகிக்கொண்டார். 6.05-க்கு வண்டி புறப்பட்டது. அவரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

மறுநாள் 11.20-க்குப் பூதலிங்கம் வந்தான். சட்டை முழுக்க ரத்தம். இருபத்திரண்டை மேஜை மேல் வைத்தான்.

"நீலகண்டன் ஸாருக்கு நடந்த மாதிரியேதான் அண்ணாச்சி. மூணு தடவை டிக்குன்னுது. பெறவு வெட்டிட்டான்."

அவன் அழுதுகொண்டே சொன்னான். ஸ்ரீகண்டன் கையிலிருந்து துப்பாக்கியை விடுவித்தபோது அதைப் பார்த்தானாம்.

"சுத்தி இடுக்குல வெள்ளையா என்னமோ உறைஞ்சு கெடந்துது. மெழுகுன்னு நெனச்சேன். மலையெறங்கி வர வர உருகிப் போச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையில் தை மாதத்து விடியற்காலைக் குளிர். தேங்காயெண்ணெய். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் குளிரில் கெட்டியாகும் என்று தெரியாத மடையனா நான்? தெரியும். வீட்டில் எத்தனையோ மார்கழியில் புட்டியை வெயிலில் வைத்து உருக்கியிருக்கிறேன். துப்பாக்கிக்குள் போனதும் அது அதே எண்ணெய்தான் என்பது புத்தியில் ஏறவில்லை. கெட்டியான எண்ணெயில் சுத்தி மெதுவாக விழும். தோட்டா வெடிக்காது. இந்த ஊர் வெயிலில் ஆயிரம் தடவை சுட்டாலும் அது தெரியாது. முப்பது துப்பாக்கியிலும் அதே எண்ணெய். நீலகண்டன் எனக்குக் காட்ட வந்தது அதைத்தான். நான் அதைப் பேய் பிடித்த துப்பாக்கி என்று நினைத்து, ஸ்ரீகண்டன் கையில் இன்னொன்றைக் கொடுத்து அனுப்பினேன்.

அன்றைக்கே மேலதிகாரி முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நீலகண்டனுக்குக் கை நடுங்கவில்லை, தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். வேலை போயிற்று. அது போகட்டும். பொன்னம்மையிடமும் நேரில் போய்ச் சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆனால் அதற்கு முன்னால், பூதலிங்கம் நிற்கும்போதே, நான் இன்னொன்று செய்தேன். இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். ராத்திரி முழுக்க அந்தச் சாவி என் இடுப்பை விட்டு அசையவில்லை.

பதினேழு பெட்டிக்குள்தான் இருந்தது. சில்லிப்பு இல்லை. உருளைக்குள் ஆறு புதுத் தோட்டா இருந்தது. தகட்டைக் கழற்றினேன். பூதலிங்கமும் குனிந்து பார்த்தான்.

உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. வெள்ளை இல்லை. ரத்தம் இல்லை. சுத்தி, வில், திருகாணி இடுக்கு எல்லாவற்றையும் யாரோ உட்கார்ந்து நிதானமாகத் துடைத்திருந்தார்கள். வில்லில் ஒரு காக்கி நூல் மாட்டியிருந்தது.

மூன்றாம் நாள் விசாரணைக்கு வந்தவர்கள் அதை மலைக்குக் கொண்டுபோனார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு, அதே வளைவில், அதே குளிரில், என்னையே சுடச் சொன்னார்கள்.

ஆறும் வெடித்தன.

ஸ்ரீகண்டனுக்காக நீலகண்டன் துடைத்து வைத்த துப்பாக்கியைத்தான் நான் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன்.